மருத்துவ உபகரணத் தயாரிப்பு அறையில் மாசு நுண்ணங்கிகள்: அறிகுறியிலிருந்து மூலத்துக்கு

குழாய் வெட்டி ஒட்டுகிற, காயத்துணி மடித்துப் பொதி செய்கிற சிறிய தயாரிப்பு அறைகளில், தரக்கட்டுப்பாட்டு மேசையில் இருக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிருமி வளர ஏகார் என்ற கூழ் ஊற்றிய மூடித்தட்டுத்தான் பிளேற்று; அதில் கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற பொட்டுத்தான் கொலனி. வழமையாக இரண்டு மூன்று கொலனி வருகிற பிளேற்றில் ஒரு நாள் நாற்பது நிற்கும். உடனே மேலிடத்திலிருந்து வருகிற கேள்வி, "என்ன கிருமி?" என்பதுதான். ஒரு லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குத் திருப்தி. ஆனால் பெயர் தெரிந்ததால் மட்டும் அடுத்த தொகுதி சுத்தமாக வராது. யாழ்ப்பாணத்தில் புது ஆளைக் கண்டால் பெயரைக் கேட்க முதல் "நீங்கள் எவடம்?" என்று கேட்போம். கொலனியிடமும் முதலில் அதைத்தான் கேட்கவேண்டும். தோலா, தண்ணீரா, மண்ணும் மட்டைப்பெட்டியுமா, ஈரச் சுவரா? அது தெரிந்தால் எதைக் கழுவுவது, எதை நிறுத்துவது, எந்தத் தொற்றுநீக்கி சரிவரும் என்று முடிவெடுக்கலாம். பெயரைத் தேவையான அளவுக்குப் பிறகு தேடலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

பிளேற்றை எறியவேண்டாம். மூடி திறக்காமலே மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுங்கள். மாதிரி எடுத்த இடம், நாள், நேரம், அன்று அறையில் எத்தனை பேர், கரண்ட் நின்றதா, மழையா காற்றா, எந்தத் தொகுதி என்று அன்றைக்கே எழுதுங்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இராது. பிறகு ஒரு கொலனியைப் புதிய ஏகாரில் கோடிழுத்துத் தனியாக்குங்கள். கலந்து வளர்ந்த கொலனியில் செய்கிற எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

மணந்து பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடோமோனாஸ் என்ற பற்றீரியா முந்திரிகை (திராட்சை)ப் பழம் போல மணக்கும் என்று படித்தது உண்மைதான். ஆனால் மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் வித்தியும் பற்றீரியாவும் நேரே நெஞ்சுக்குள் போகும். வேலை முடிந்த பிளேற்றுகளை 121 பாகையில் ஓட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் அவித்த) பிறகே வெளியே விடுங்கள். வளவுக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்த ஒருபோதும் விடவேண்டாம்.

கட்டுப்பாட்டுப் பிளேற்றிலும் வளர்ச்சி இருக்கிறது

மாதிரி போடாத வெறும் பிளேற்றிலும் அதே கொலனி இருந்தால், தயாரிப்பு அறையைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல ஏலாது. ஏகார் ஊற்றிய நாள், ஓட்டோகிளேவ் பதிவு, கழுவ எடுத்த திரவம், வடிகட்டிப் புனல் ஆகிய நான்கையும் பாருங்கள். கொலனி ஏகாருக்குள் புதைந்திருந்தால் அது ஊற்றும்போதே உள்ளே இருந்தது. மேற்பரப்பில் மட்டும், அதுவும் விளிம்போரம் இருந்தால் கையாளும்போது விழுந்தது. அந்தத் தொகுதி ஏகாரை ஒதுக்கிவிட்டு மாதிரியைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் "ஆய்வுகூடப் பிழை" என்று எழுத முதல் ஆதாரம் கையில் இருக்கவேண்டும்.

மஞ்சள், வெள்ளை, பால்நிறச் சிறு பொட்டுகள்

ரி.எஸ்.ஏ. என்ற பொதுவான சத்து ஏகாரில் 30–35 பாகையில் இரண்டாம் மூன்றாம் நாள் உருண்டையாக, பளபளப்பாக, கரை ஒழுங்காக வருகிறவை பெரும்பாலும் மனிதத் தோலின் ஆட்கள். பற்றீரியாவை ஊதா (கிராம் நேர்), இளஞ்சிவப்பு (கிராம் மறை) என்று இரண்டாகப் பிரிக்கிற கிராம் சாயத்தில் இவை ஊதா நிற உருண்டைகள். 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு துளி விட்டால் உடனே நுரைக்கும், இதுதான் கற்றலேசு சோதனை. கொத்துக் கொத்தாக இருந்தால் ஸ்ரபிலோகொக்கஸ், நான்கு நான்காக அடுக்கி எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் மைக்ரோகொக்கஸ். ஐமிச்சமென்றால் ஒட்சிடேசு சோதனை (சோதனைத் தாளில் பூசி ஊதா வருகிறதா என்று பார்ப்பது) உதவும். மைக்ரோகொக்கஸ் வழமையாக நேர், ஸ்ரபிலோகொக்கஸ் வழமையாக மறை. கொகுலேசு (குருதிப் பாயத்தை உறைய வைக்கிறதா என்று பார்க்கிற சோதனை) நேர் என்று வந்தால் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்று நினைத்து, கையில் காயமோ கட்டியோ உள்ளவர் வரிசையில் நிற்கிறாரா என்று பக்குவமாக விசாரியுங்கள். அவரைக் குற்றவாளியாக்கவேண்டாம். காயம் ஆறும்வரை வேறு வேலை கொடுத்தால் போதும்.

தோல் பற்றீரியா கூடினால் காரணம் உடுப்பு மாற்றும் இடத்திலேயே இருக்கும். எங்கள் வெக்கையில் மேலங்கிக்குள் வியர்த்து ஊற்றும். கையுறை விளிம்புக்கும் சட்டைக் கைக்கும் இடையில் தோல் தெரியும். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கும். கையுறை விரல் நுனியைப் பிளேற்றில் அழுத்தி எடுக்கிற மாதிரியையும் மேசை மேற்பரப்பு மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆள் என்றால் கையிலிருந்து போனது. தட்டிலே காற்றிலிருந்து விழுந்தவை மட்டும் கூடியிருந்தால் ஆட்தொகையும் நடமாட்டமும் கூடியிருக்கிறது.

ஒரு விஷயம். உடலுக்குள் பதிக்கிற பொருள் என்றால், காற்றில்லாமல் மெதுவாக வளர்கிற கியூற்றிபக்ரீரியம் அக்னேஸ் சாதாரண ரி.எஸ்.ஏ. பிளேற்றில் தலை காட்டாது. அதுவும் தோல் ஆள்தான். அதைத் தேடுவதானால் காற்றற்ற சூழலும் நீண்ட நாட்களும் வேண்டும்.

காய்ந்து தட்டையாக, கரை கிழிந்தாற்போல பெரிய கொலனிகள்

இது எங்கள் ஊரில் அடிக்கடி வருவது. சாம்பல் வெள்ளை நிறம், அரைத்த கண்ணாடி போன்ற மேற்பரப்பு, ஒரே இரவில் பிளேற்றின் காற்பங்கைப் பிடிக்கும். லூப்பால் (கொலனியைத் தொட்டெடுக்கிற கம்பி வளையத்தால்) தொட்டால் சிலது மாவாக உதிரும், சிலது ஏகாரோடு தோலாக ஒட்டி இழுபடும். நுணுக்குக்காட்டியில் தடித்த கோல்கள், கோலுக்குள் சாயம் ஏறாத ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அகவித்தி, சூட்டையும் மருந்தையும் தாங்கிக் கிடக்கிற உறங்கு வடிவம். பசிலஸ் குடும்பம்.

ஐமிச்சத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. கொலனியைக் கிருமியற்ற தண்ணீரில் கரைத்து 80 பாகையில் 10 நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள். அதற்குப் பிறகும் வளர்ந்தால் வித்தி இருக்கிறது. இந்த ஒரு விடை கையில் வந்தால் அடுத்த நடவடிக்கையே மாறிவிடும். ஏனென்றால் 70 வீத அற்ககோல் வித்தியைக் கொல்லாது. மேசையை மூன்று தரம் துடைத்தோம், ஐந்து தரம் துடைத்தோம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். துடைத்தது உண்மை, எண்ணிக்கை குறையாததும் உண்மை. ஈரத்துணி வித்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும், சாகடிக்காது. ஐதரசன் பேரொட்சைட்டோடு பேரசற்றிக் அமிலம் சேர்ந்த வித்திக்கொல்லி, அல்லது அளவாகக் கரைத்த சோடியம் உபகுளோரைற்று வேண்டும். பூசியதும் துடைத்துவிடாமல் போத்தலில் எழுதியிருக்கிற நேரம் முழுக்க மேற்பரப்பு ஈரமாக நிற்கவேண்டும். உபகுளோரைற்று துருப்பிடிக்காத உருக்கையும் அரிக்கும். ஆனபடியால் பிறகு சுத்தமான தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

மூலம் எங்கே? முதல் ஐமிச்சம் மட்டைப்பெட்டி. மட்டைக்குள் பசிலஸ் வித்தியும் பூஞ்சண வித்தியும் தாராளமாக இருக்கும். கொழும்பிலிருந்து லொறியில் வந்து, வாசலில் நிலத்தில் இறக்கி, அப்படியே உள்ளே தூக்கிப்போகிற பெட்டி அறைக்குள் மண்ணைக் கொண்டுபோகிறது. பெட்டியை வெளி அறையில் உடைத்து, உள்ளே இருக்கிற பொலித்தீன் உறையைத் துடைத்த பிறகே உள்ளே எடுக்கவேண்டும். இரண்டாவது, காற்று. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் வலிகாமத்துச் செம்மண் புழுதி யன்னல் இடுக்கெல்லாம் படியும். வெள்ளைத் துணியால் கதவு நிலையின் மேல்விளிம்பை ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள். துணி செம்மையாக வந்தால் பசிலஸுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது, கரண்ட். மின்விசிறி நின்றால் அறையின் மிகையமுக்கம் விழும். வெளிக்காற்று கதவடியால் உள்ளே வரும். ஜெனரேற்றர் பிடித்த உடனே வேலையைத் தொடங்கவேண்டாம். அமுக்கமானி பழைய அளவுக்கு வந்து, காற்று போதுமான தடவை மாறும்வரை பொருட்கள் மூடியே இருக்கட்டும். அந்த நேரத்தைத் துணிக்கை எண்ணும் கருவி வைத்து ஒருமுறை அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு வாக்குவாதம் இராது.

கிராம் சாயம் இங்கே ஏமாற்றும். பழைய பசிலஸ் வளர்ப்பு ஊதாவைப் பிடித்து வைக்காமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். 18–24 மணித்தியால வளர்ப்பில்தான் சாயமிடவேண்டும். அப்போதும் நம்பிக்கையில்லை என்றால் சிலைட்டில் 3 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, கொலனியைக் கலக்கி, லூப்பை மெதுவாகத் தூக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் பசைபோல நூல் இழுபட்டால் கிராம் மறை. நூல் வராவிட்டால் கிராம் நேர். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கிராம் சாயத்தோடு இதையும் செய்கிற ஆய்வுகூடத்தில் பிழையான பெயர் குறையும்.

வழவழப்பான, மெதுவாக வரும், நிறம் மாறும் கொலனிகள்: தண்ணீர் ஆட்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வகைதான். பசிலஸ் வித்தியைக் கதிரோ எதிலீன் ஒட்சைட்டு வாயுவோ கொல்லும், அதற்கென்றே முறை வகுத்திருக்கிறார்கள். கிராம் மறைப் பற்றீரியா செத்த பிறகும் அதன் சுவரில் இருந்த என்டோரொக்சின் என்ற நச்சு பொருளிலேயே ஒட்டியிருக்கும். அது ஓட்டோகிளேவுக்கும் அசையாது, வாயுவுக்கும் அசையாது. கண்ணாடியை 250 பாகையில் 30 நிமிடம் உலர் வெப்பத்தில் வைத்து அழிக்கலாம். பிளாஸ்டிக் குழாய்க்கு அது ஆகாது. இரத்தத்தோடு தொடர்புபடும் உபகரணத்துக்கு ஒன்றுக்கு 20 என்டோரொக்சின் அலகு, மூளைத்தண்டுவடப் பாய்பொருளைத் தொடுவதற்கு 2.15 என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. "கிருமியற்றது" என்று முத்திரை குத்திய குழாய் ஒருவரின் நாளத்துக்குள் போய்க் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுக்கலாம் என்றால் காரணம் இதுதான். அதனால் இந்த ஆட்கள் பொருளில் ஏற முதலே பிடிக்கவேண்டும்.

முதலில் பிளேற்று சரியா என்று பாருங்கள். சத்துக் கூடிய ரி.எஸ்.ஏ. ஏகாரில் 35 பாகையில் இரண்டு நாள் வைத்துப் பூச்சியம் என்று எழுதினால், பட்டினி கிடந்து பழகிய தண்ணீர்ப் பற்றீரியாவைத் தேடவே இல்லை என்று அர்த்தம். 1985இல் வெளிவந்த ஆர்2ஏ ஏகார் இதற்கென்றே சத்துக் குறைத்துச் செய்தது. குறைந்த வெப்பநிலையில் ஐந்து முதல் ஏழு நாள் பொறுமையாக வைத்தால் நிலவரம் தெரியும். சுத்திகரித்த தண்ணீருக்கு மில்லிலீற்றருக்கு 100 கொலனி என்பது நடவடிக்கை எல்லையாகப் பலரும் வைப்பது. தண்ணீரில் குளோரின் இருந்தால் மாதிரிப் போத்தலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேற்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே பற்றீரியா செத்து, கணக்கு அழகாகத் தெரியும்.

இனி யாரென்று பிரிக்கலாம். ஒட்சிடேசுத் தாளில் மரக்குச்சியால் பூசுங்கள், நிக்ரோம் கம்பி பொய்யாக நேர் காட்டும். பத்துச் செக்கனுக்குள் கரு ஊதா வந்து, கொலனியைச் சுற்றி ஏகார் பச்சையாகி, 42 பாகையிலும் வளர்ந்தால் சூடோமோனாஸ் எருஜினோசா என்று சந்தேகித்து, அதற்கென்றே உள்ள செற்றிமைட் ஏகாரில் உறுதிப்படுத்துங்கள். ஒட்சிடேசு மறையாக, மங்கிய மஞ்சளாக வந்தால் ஸ்ரெனோட்ரோபோமோனாஸ் நினைவுக்கு வரவேண்டும். மிகச் சிறிய கொலனி, மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் தெரிகிறது, 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டிக்குப் பிறகும் வருகிறது என்றால் ரால்ஸ்ரோனியா பிக்கெற்றீ. வடிகட்டி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்ற எண்ணத்தை உடைப்பது அதுதான். பேர்கொல்டேரியா செபாசியா கூட்டம் இன்னும் மோசம். அது சில தொற்றுநீக்கிக் கரைசலுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். துடைத்த பிறகு எண்ணிக்கை கூடுகிறது என்ற விசித்திரமான அறிகுறி வந்தால் தெளிப்புப் போத்தலையே மாதிரி எடுங்கள். மிச்சத்தின் மேல் புதுக் கரைசலை ஊற்றி ஊற்றி நிரப்புகிற போத்தல்தான் பெரும்பாலும் காரணம். வெறுமையாக்கி, கழுவி, காயவைத்து, திகதி எழுதி நிரப்பவேண்டும்.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, கிணறுதான். சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் வன்மை கூடியது. அதற்காக மென்மையாக்கி போடுவோம், குளோரினை எடுக்கக் கரி வடிகட்டி போடுவோம், பிறகு ஆர்.ஓ. (தண்ணீரை மென்சவ்வால் அழுத்தி வடிக்கிற கருவி). "கிணற்றுக்குக் குளோரின் போட்டிட்டம்" என்று சொல்பவர்கள், கரிப்படுக்கை அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு பகுதியும் காவலில்லாத தண்ணீர். கரித்துகள், மென்மையாக்கிப் பிசின், குழாயின் உட்சுவரில் படிந்த சுண்ணப் படிவு எல்லாம் உயிர்ப்படலத்துக்கு (பற்றீரியா ஒட்டி வளர்கிற வழுவழுப்பான படலத்துக்கு) வீடு. ஆர்.ஓ. மென்சவ்வு கிருமிக்குச் சுவர் அல்ல, அதன் சுத்தமான பக்கத்திலும் படலம் வளரும். ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்து அழுக்கு கல்லிடுக்கால் விரைவாகக் கிணற்றுக்கு இறங்கும். ஆனபடியால் அந்த மாதங்களில் மாதிரி எடுக்கும் இடைவெளியைக் குறையுங்கள்.

மூலத்தைப் பிடிக்க ஒரே குழாயில் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று திறந்த உடனே வருகிற முதல் தண்ணீர், மற்றது மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு. முதலாவது மட்டும் கூட என்றால் பிழை குழாய் வாயில் அல்லது அதில் கொழுவியிருக்கிற ஓஸ் பைப்பில். இரண்டும் கூட என்றால் பின்னால் நடந்து போங்கள்: சேமிப்புத் தாங்கி, மென்சவ்வுக்குப் பின், முன், கரிக்குப் பின், கிணற்றுத் தாங்கி. எண்ணிக்கை எந்த இடத்தில் திடீரென்று உயர்கிறதோ அந்த இரண்டு புள்ளிக்கு இடையில்தான் பிழை.

ஓஸ் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவேண்டும். கழுவுமிடத்தில் ஒரு பச்சை ஓஸ் பைப், நுனி வாளிக்குள் தோய்ந்தபடி, வளைவில் தண்ணீர் தேங்கியபடி கிடக்கும். நுனியில் விரலை வைத்து உட்புறம் தடவுங்கள். சறுக்கினால் அதுதான் உயிர்ப்படலம். வடிய விட்டுத் தூக்கித் தொங்கவிடுவதும், தேவையில்லாத நீளத்தை வெட்டுவதும், குறித்த காலத்தில் புதுசு போடுவதும் எந்த விலையுயர்ந்த தொற்றுநீக்கியையும் விடப் பலன் தரும். இப்படித்தான் பாவிக்காத கிளைக்குழாய்களும். அடைத்து வைத்த கிளையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மூடியைப் போடாமல் கிளையையே அறுத்தெடுங்கள்.

இளஞ்சிவப்புக் கொலனி

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கிறேன், ஏனென்றால் நிறத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார்கள். நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பெரிய முட்டை வடிவம், பக்கத்தில் அரும்பு விடுகிறதென்றால் றொடோரோருலா என்ற மதுவம் (ஈஸ்ட்), ஈரமான இடத்திலிருந்து வந்தது. கிராம் மறைக் கோல், ஐந்தாறு நாளுக்குப் பிறகுதான் வந்ததென்றால் மெதைலோபக்ரீரியம், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரிலும் தப்பிப்பிழைக்கிறது. கோல், ஒரே நாளில் இரத்தச் சிவப்பு என்றால் செராசியா மார்செசென்ஸ், கழுவுதொட்டியைப் பாருங்கள். நான்கு நான்காக உருண்டை என்றால் டெயினோகொக்கஸ் இனத்தை நினைத்துக்கொள்ளுங்கள், காமாக் கதிரால் கிருமியழிக்கிறவர்களுக்கு அது முக்கியம். 1956இல் கதிர் கொடுத்த இறைச்சித் தகரத்தில் அது உயிரோடு இருந்ததைக் கண்டுதான் அப்படி ஒரு பற்றீரியா இருப்பதே தெரியவந்தது.

பூஞ்சணம்

மார்கழி முடியும்வரை குடாநாட்டுச் சுவர் ஈரம் காயாது. பகலில் ஏ.சி. போட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்தினால், குளிர்ந்த மேற்பரப்பில் வெளி ஈரம் படியும். காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அதே தண்ணீர் கூரைப் பலகைக்கு மேலும் நிற்கிறது. செலவைப் பார்க்கவேண்டும்தான், ஆனால் தூய அறையின் காற்றோட்டம் இரவிலும் ஓடவேண்டும், குறைந்த வேகத்திலாவது.

பூஞ்சணத்துக்கான எஸ்.டி.ஏ. ஏகாரை 20–25 பாகையில் ஐந்து முதல் ஏழு நாள் வைக்கவேண்டும். எங்கள் ஊர் அறை வெப்பநிலை பெரும்பாலும் 30ஐத் தொட்டு நிற்கும். "மேசையில் வைத்தால் போதும்" என்பது குளிர் நாட்டுப் புத்தகத்துக்குச் சரி, இங்கே குளிரூட்டும் இன்கியுபேற்றர் வேண்டும். இனங்காண, செலோரேப் துண்டின் ஒட்டும் பக்கத்தைக் கொலனியில் மெதுவாகத் தொட்டு, லக்ரோபீனோல் நீலச் சாயத்துளியில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கறுப்புத் தலையோடு நிற்பது அஸ்பேர்ஜிலஸ் நைகர், தூரிகை போல விரிவது பெனிசிலியம், கரும் ஒலிவ் நிறத்தில் சங்கிலியாகக் கிளைப்பது கிளடோஸ்போரியம். கிளடோஸ்போரியம் மட்டும் என்றால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பெனிசிலியமும் அஸ்பேர்ஜிலஸும் ஒரே மூலையில் திரும்பத் திரும்ப என்றால் அந்த மூலையில் ஈரம், மட்டை, அல்லது ஏ.சி.யின் வடிதட்டு. மூடியை அகலத் திறக்கவேண்டாம், ஒரு கொலனியின் வித்தி மேசை முழுக்கப் பறக்கும்.

எல்லாப் பிளேற்றிலும் பூச்சியம்

மாதக்கணக்காகப் பூச்சியம் என்றால் சந்தோசப்படுவதற்கு முதல் சோதியுங்கள். ஆட்கள் வேலை செய்கிற அறையில் ஒன்றுமே வளராதது இயல்பல்ல. அற்ககோலால் துடைத்த ஈரம் காய முதல் பிளேற்றை அழுத்தினார்களா? ஏகாரில் தொற்றுநீக்கியை முறிக்கிற லெசிதினும் பொலிசோபேற்று 80உம் இருக்கிறதா? பிளேற்று காய்ந்து சுருங்கிவிட்டதா? வெள்ளி சேர்த்த காயத்துணி, குளோர்எக்சிடின் பூசிய குழாய் போன்றவை தாங்களே வளர்ச்சியைத் தடுக்கும். 100 கொலனிக்குக் குறைவான, தெரிந்த பற்றீரியாவை வேண்டுமென்றே போட்டு, வளர்கிறதா என்று பார்த்த பிறகே பூச்சியத்தை நம்பலாம்.

பொருளிலிருந்து கழுவி எடுக்கிற சோதனையிலும் இதே கவலை உண்டு. உபகரணத்தில் உள்ள கிருமியை எண்ணுவதற்கான சர்வதேசத் தரநியமம் ஐ.எஸ்.ஓ. 11737-1, மீட்புத்திறனை (பொருளில் இருப்பதில் எவ்வளவு கழுவலில் வருகிறது என்பதை) அளக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கழுவி ஒவ்வொரு தரமும் எண்ணுங்கள். முதல் கழுவலில் மொத்தத்தில் பாதிதான் வந்ததென்றால், வழமையான முடிவை இரண்டால் பெருக்கவேண்டும்.

கிருமியற்றதற்கான சோதனைக் குப்பி கலங்கிவிட்டது

கிருமியழித்த பொருளைச் சத்துக்கரைசலில் இட்டு 14 நாள் வைத்த குப்பி கலங்கினால் முதலில் அது வளர்ச்சியா, பொருளிலிருந்து உதிர்ந்த துகளா என்று பாருங்கள். ஒரு துளியைச் சாயமிட்டு, இன்னொன்றை ஏகாரில் பூசினால் தெரியும். வளர்ச்சி என்றால் தொகுதியை நிறுத்திவையுங்கள். சோதனை மேசையில், சோதித்தவரின் கையுறையில் அதே நாள் வந்தவற்றோடு ஒப்பிடுங்கள். தோல் உருண்டை என்றால் ஆய்வுகூடத்தை ஐமிச்சப்படலாம், வித்திக்கோல் என்றால் கிருமியழித்தலே சரியாக நடந்ததா என்று பார்க்கவேண்டும். நல்ல முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது மட்டும் கூடாது. அந்தப் பொருள் கடைசியில் போய்ச் சேருவது கட்டிலில் படுத்திருக்கிற ஒரு மனிசரிடம்.

எண்ணிக்கை குறைவு, ஆனால் கதிர் அளவுச் சோதனை தோற்றது

கிருமியழிக்க 25 கிலோகிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) போதும் என்று நிரூபிக்கிற முறையில் ஒரு பொருளின் சராசரிக் கிருமிச் சுமை 1000 கொலனிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கணக்கு அதற்கு எவ்வளவோ கீழே இருந்தும் தோற்றால் மூன்று வழி உண்டு. ஒன்று, மீட்புத்திறன் குறைவு, உண்மைச் சுமை கூட. இரண்டு, ஆட்தொகை குறைவு, ஆனால் கதிரைத் தாங்குகிறவர்கள். தப்பியதை வளர்த்து இனங்காண்பது இங்கே கட்டாயம். மூன்றாவது எங்கள் தூரம். பியகமவில் அணுசக்திச் சபையின் காமா நிலையத்துக்கு இங்கிருந்து போகவேண்டுமென்றால் லொறி ஏ9 வீதியால் முழு நாள் வெயிலில் ஓடும். பொதியில் சிறிது ஈரம் இருந்தாலும் தண்ணீர்ப் பற்றீரியா வழியிலேயே பெருகும். பொதி செய்த அன்று எண்ணியதையும், அதே தொகுதியில் சிலவற்றை லொறிச் சூட்டில் அத்தனை நாள் வைத்து எண்ணியதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் காயவைப்பதை நீட்டி, காத்திருக்கும் நாளுக்கு உச்சவரம்பு போடுங்கள்.

வெளியே அனுப்புவது எப்போது

ஒவ்வொரு கொலனிக்கும் முழுப் பெயர் தேடவேண்டாம். கிராம், வடிவம், வித்தி, கற்றலேசு, ஒட்சிடேசு என்ற ஐந்தும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். நடவடிக்கை எல்லை தாண்டியது, கிருமியற்றதற்கான சோதனையில் தப்பியது, அல்லது அறையில் முன்பு காணாதது என்றால் மால்டி-ரொஃப் (புரதங்களின் திணிவை அளந்து இனங்காண்பது) அல்லது 16எஸ் மரபணு வரிசைக்கு (பற்றீரியாவை இனங்காட்டும் மரபணுவை வாசிப்பது) அனுப்புங்கள். பூஞ்சணத்துக்கு 16எஸ் உதவாது, பூஞ்சணத்தை இனங்காட்டும் ஐ.ரி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைக் கேட்கவேண்டும். 16எஸ் விடையில் பசிலஸ் செரியஸ் என்று வந்தாலும் அதன் நெருங்கிய உறவுகளை அந்த வரிசை பிரிக்காது. அதை எழுத்தில் "செரியஸ் கூட்டம்" என்றே பதியுங்கள்.

அனுப்பும்போது பிளேற்றாக அனுப்பவேண்டாம், சூட்டில் வியர்த்து எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். திருகுமூடிக் குப்பியில் ஏகார்ச் சரிவில் ஒரே கொலனியைப் பூசி, வளர்ந்த பிறகு மூடியை இறுக்கி, உறிஞ்சும் துணி சுற்றி, உடையாத இரண்டாவது கொள்கலனுக்குள் வைத்து, மேலே உள்ளடக்கத்தை எழுதுங்கள். அதே வளர்ப்பில் ஒன்றை உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் திகதியோடு வையுங்கள். கூட அனுப்புகிற தாளில் "வெள்ளைக் கொலனி" என்று மட்டும் எழுதாமல் எடுத்த இடம், ஏகார், வெப்பநிலை, எத்தனையாம் நாள் வந்தது, நீங்கள் செய்த ஐந்து சோதனையின் விடை எல்லாவற்றையும் எழுதுங்கள். திரும்பி வருகிற பெயர் அந்த ஐந்தோடு ஒத்துப்போகாவிட்டால், குப்பி மாறியதா என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.